கார் லிவரைப் பற்றி இன்சூரன்ஸில் சொன்ன கதை

என் காரில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இடது கையில் இருக்கின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே ஓர் இரும்பு லிவர். முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். ஸ்டியரிங்கில் மாட்டிய குமிழை வலது கையால் பிடித்துத் திருப்புவேன். இரண்டு வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களிலும் வலு போய்விட்டது. இருபது வருடம் சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில்தான் பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரிக்குப் போய் வந்தேன். மழையில் நனைந்து நனைந்து அலுத்துப்போய், 2022 ஜூலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். 2018 மாடல், 1197 சிசி, கிளட்ச் இல்லாதது.

லிவர் மாட்டியதைவிட, அதை இன்சூரன்ஸில் ஏற்றியதுதான் பெரிய பாடு.

வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் பாலிசியையும் பெயர் மாற்றிவிட வேண்டும். அதற்காக எங்கள் தெரு ஏஜெண்ட் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி வண்டியோடு வராது, அது ஆளோடு போய்விடும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பேச்சோடு பேச்சாக, "அண்ணாச்சி, கையில ஓட்டுற மாதிரி லிவர் மாட்டப் போறேன். அதையும் பாலிசியில எழுதணும்லா?" என்று கேட்டேன்.

"எதுக்கு டீச்சர் அதையெல்லாம் சொல்லிக்கிட்டு? பிரீமியம் ஏறிரும். அவன் ஆயிரம் கேள்வி கேப்பான்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் தங்கை வீட்டுக்காரர் தன் வண்டிக்கு அலாய் வீல், அகல டயர், முன்னால் புல் பார் என்ற இரும்புத் தடுப்பு எல்லாம் போட்டிருக்கிறார். ஒன்றையும் இன்சூரன்ஸில் சொன்னதில்லை. புல் பார் கூடாதென்று மத்திய அரசு 2017லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, அது வேறு கதை. எனக்கு இருந்த கவலை எளிமையானது. நாளைக்கு எங்கேயாவது இடித்துக்கொண்டால், சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸிலிருந்து வரும் சர்வேயர் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது இந்த லிவர்தான். அதை எங்கே ஒளிக்க? "இதைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே" என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், பணம் வருமா வராதா என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். நாம் சொன்னதை நம்பித்தான் அவர்கள் விலை போடுகிறார்கள். சொல்லாமல் விட்டதன் விலை கிளெய்ம் அன்றைக்குத்தான் தெரியும்.

முதலில் ஆர்டிஓ. பக்கத்து லேத் பட்டறையில் எட்டாயிரத்துக்கு ஒரு லிவர் செய்து தருவதாகச் சொன்னார்கள். நல்ல வேலைக்காரர்தான், என் ஸ்கூட்டருக்கு சைடு வீல் மாட்டியவரே அவர்தான். ஆனால் ஆர்டிஓவில் காட்ட அந்த லிவருக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும், புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ அங்கீகரித்த கிட் 24,000 ரூபாய். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே வாங்கி, மதுரையில் மாட்டினேன். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அதே வருடம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றிவிட்டுப் பிறகு ஆர்டிஓவில் ஒப்புதல் வாங்க வழிசெய்தது. அதுவரை சட்டத்தில் நம் வண்டிக்குப் பெயர் 'இன்வேலிட் கேரேஜ்'. என் பழைய லைசென்ஸிலும் அதன் சுருக்கம்தான் அச்சாகியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் செல்லாத நோட்டு ஞாபகம்தான் வரும். இப்போது 'அடாப்டட் வெஹிக்கிள்' என்கிறார்கள். பரவாயில்லை.

ஆர்.சி.யில் ஏறிவிட்டால் இன்சூரன்ஸுக்குத் தானாகப் போய்விடும், எல்லாம் ஆன்லைன்தானே என்று நினைத்தேன். போகவில்லை. பாலிசியில் நாமாகச் சொல்லி எழுத வைக்க வேண்டும், அதற்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர்.

கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் சிஎன்ஜி கிட் உண்டா, மின்சாதனம் ஏதும் கூடுதலாக உண்டா, மின்சாரம் இல்லாத சாதனம் உண்டா என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதில் 24,000 என்று போடலாம், அவ்வளவுதான். வண்டியையே கையால் ஓட்டுகிறேன் என்று சொல்ல இடமே இல்லை. கால் சென்டர் தம்பியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், இன்ஜின் மாத்திட்டீங்களா?" என்றார்.

கடைசியில் மெயில்தான். திருத்திய ஆர்.சி., கிட்டின் பில், சான்றிதழ், லிவரைப் பல கோணங்களில் எடுத்த போட்டோக்கள், லைசென்ஸ் எல்லாம் இணைத்து அனுப்பினேன். கூடவே ஒரு வரி: 'ஐஎம்டி 12இன்படி தள்ளுபடி தரவும்.'

இந்த 12ஐச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்து நண்பர். 2002இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் (அதுதான் ஐஎம்டி) புத்தகத்தில் இப்படி வரிசை எண் போட்ட எண்டார்ஸ்மென்ட்கள் உண்டு. 24 கூடுதல் மின்சாதனங்களுக்கு, 25 கேஸ் கிட்டுக்கு. 12 நம் போன்றவர்களுக்காக மாற்றியமைத்த வண்டிகளுக்கு: நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஆர்.சி.யில் அந்த மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. லேத் பட்டறையில் மாட்டியிருந்தால் இது கிடைத்திருக்காது.

பத்தொன்பது நாள், நான்கு நினைவூட்டல். லிவரை உடனே சேர்த்தார்கள், தள்ளுபடி ரெனீவலில்தான் என்றார்கள். 2023 ஜூலையில் வந்த கணக்கு இது: லிவருக்காக ஏறியது 290 ரூபாய். அதையும் சேர்த்து 5,190 ஆன சொந்தச் சேதப் பிரீமியம், தள்ளுபடிக்குப் பின் 2,595. அதிலும் போனஸ் 20 சதவீதம் கழிந்தது. அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பிரீமியம் 3,416 மட்டும் அசையவில்லை, அது அரசு நிர்ணயித்த தொகை. அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இறங்கியிருக்கே!" என்றார்.

டிசம்பர் வெள்ளத்தில் முழுகாமல் தப்பித்த வண்டி, 2024 பிப்ரவரியில் வல்லநாடு பக்கம் குறுக்கே ஓடிய நாய்க்காகத் திருப்பியதில் மீடியனில் ஏறிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, நாய்க்கும் ஒன்றுமில்லை. முன்பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போயின. என் முட்டி இடித்து லிவரின் பிராக்கெட் வளைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை உள்ளே எடுக்கச் சொன்னால் பையன் தொடவே பயந்தான். "தம்பி, பெடல் ரெண்டும் அப்படியேதான் இருக்கு, நீ காலாலயே ஓட்டு" என்று சொன்ன பிறகும் சந்தேகத்தோடுதான் ஏறினான்.

மறுநாள் சர்வேயர் வந்தார். நினைத்தபடியே முதல் கேள்வி: "இது என்னம்மா?" பாலிசியில் அந்த வரியைக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லிவரைத் தள்ளி இழுத்துப் பார்த்தார். கடமைக்காகப் பார்த்த மாதிரி தெரியவில்லை, ஆசைக்குத்தான். பம்பருக்குப் பிளாஸ்டிக் என்று பாதி பிடித்தார்கள், எந்தக் கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ஆயிரம் ரூபாய். பிராக்கெட் மாற்றிய செலவும் வந்தது. பாலிசியில் எழுதாமல் விட்டிருந்தால், வேறெதற்குக் கொடுத்தாலும் அதற்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். போனஸ் பூச்சியத்துக்குப் போனது, அதை ஒன்றும் செய்ய முடியாது.

போன வாரம் இந்த வருட ரெனீவல் மெசேஜ் வந்தது. 'ஒரே கிளிக்கில் புதுப்பியுங்கள்' என்று. திறந்து பார்த்தால் லிவரின் மதிப்பு இருக்கிறது, ஐஎம்டி 12ஐக் காணவில்லை, பிரீமியம் முழுசாக நிற்கிறது. கிளிக் செய்யவில்லை. பழைய மெயிலைத் தேடி எடுத்து, தேதியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பியிருக்கிறேன். இன்றோடு ஆறு நாள்.