களிமண் வாசலில் பேவர் பிளாக்: இரண்டாவது தடவை போட்ட அனுபவம்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் வாசலில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. மன்னார்குடிக்குக் கிழக்கே, வயலை ஒட்டிய வீடு. மரம் போன குழியில் வண்டி மண்ணைக் கொட்டி நிரவினோம். அடுத்த கோடையில், முப்பது அடிக்குப் பதினைந்து அடி வாசல் முழுக்க பேவர் பிளாக் போட்டோம். வேலை எடுத்தவர் மூன்றே நாளில் முடித்துக் கொடுத்தார். மேல்மண்ணைச் சீவி, நாலு விரல் மணல் பரப்பி, கல்லைப் பதித்து, இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த ஐப்பசி மழையிலேயே மரம் இருந்த இடம் தாம்பாளம் மாதிரி உள்வாங்கிவிட்டது. சுவர் ஓரம் மேடு தட்டியது. சித்திரை வந்ததும் கீழே களி வெடித்து, கற்களுக்கு நடுவே காசு நுழையும் அளவு இடைவெளி. நாலைந்து வருடம் அப்படியே ஓட்டினோம். 2024 பொங்கல் கழிந்து அம்மா அந்த மேட்டில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இனி ஒரு மழைக்காலம் இதை விட்டுவைக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

என் தம்பி கனடாவில், டொராண்டோ பக்கம் இருக்கிறான். தன் வீட்டு வண்டிப் பாதைக்குத் தானே கல் பதித்தவன். படம் அனுப்பியதும் கூப்பிட்டான். "அண்ணே, எந்தக் கல்லுங்கறது அப்புறம். வாசல்ல விழற தண்ணி எங்க போவுதுன்னு முதல்ல சொல்லு." என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அங்கே குளிர்காலத்தில் நிலம் நாலடி ஆழம் வரைகூட உறையுமாம். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம்தான் பெருக்கும். ஆனால் வண்டலும் களியும் கலந்த மண், கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி மேலே கொடுக்க, பனிக்கட்டி அடுக்கடுக்காக வளர்ந்து கல்லையே தூக்கிவிடும். வசந்தத்தில் அது உருகும்போது மண் சேறாகி, வண்டிச் சக்கரம் பட்ட இடம் அமுங்கும். அதற்காக நாலடி தோண்டுவதில்லை. ஓரடிபோலத் தோண்டி, நீர் தங்காத ஜல்லிப் படுகை போட்டு, அதை நன்றாக இறுக்கி, வடிகால் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் உறைபனி இல்லை. ஆனால் நம் களி ஐப்பசியில் நீர் குடித்து ஊதும், சித்திரையில் காய்ந்து சுருங்கும். காரணம் வேறாக இருந்தாலும், கல்லை அசைப்பது இரண்டு ஊரிலும் அடியில் தங்கும் தண்ணீர்தான்.

பங்குனியில் ஆரம்பித்தோம். பழைய கல்லைப் பெயர்த்து, முதலில் மரக்குழியைத் தோண்டினோம். உள்ளே வேர்கள் மக்கிப் பொதபொதவென்று கிடந்தன. அந்தப் பள்ளத்தின் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. வேரை முழுக்க எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டோம். அதற்கே ஒரு நாள் போனது.

அப்புறம் வாசல் முழுக்க ஒன்றரை அடி ஆழம். இங்கேதான் பெரிய தவறு செய்யப் பார்த்தேன். களிமண்ணில் தோண்டிய பள்ளம் தொட்டி மாதிரி. அதில் ஜல்லியை நிரப்பினால் மழைநீர் இறங்கி அங்கேயே நிற்கும். தம்பி விடாமல் கேட்டதால் பள்ளத்தின் அடிமட்டத்துக்கே தெருப்பக்கம் வாட்டம் கொடுத்தோம். தாழ்ந்த ஓரத்தில், துளையிட்ட நாலு அங்குல பி.வி.சி. குழாயை ஜல்லிக்குள் வைத்து, மண் புகாமல் நீரை மட்டும் விடும் துணி சுற்றி, தெரு வாய்க்காலில் சேர்த்தோம். மாடிக் குழாய் நேராக வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது, அதையும் தனியே திருப்பினோம். களி பாளம் பாளமாக வெடித்திருந்ததால் மூன்று நாள் தண்ணீர் தெளித்து ஆறவிட்டோம். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் இறுக்கினோம்.

அதன்மேல் அரை அடி கிராவல், பிறகு ஜியோடெக்ஸ்டைல் துணி. ஜல்லி கீழ்மண்ணுக்குள் புதையாமலும், மண் ஜல்லிக்குள் ஏறாமலும் தடுப்பது இதுதான். துணிமேல் எட்டு அங்குலம் வெட் மிக்ஸ், அதாவது ஜல்லியும் கிரஷர் தூளும் ஈரத்தோடு கலந்தது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நாலு யூனிட், அதாவது நானூறு கன அடி, வந்தது. இறுகிய பிறகு மூன்று யூனிட் கனம்தான் நிற்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஒரே தடவையில் கொட்டி இறுக்கினால் மேலே மட்டும்தான் இறுகும். வாடகை காம்பாக்டரை, அதாவது தரையை அதிர்த்து இறுக்கும் இயந்திரத்தை, வைத்து இரண்டு அடுக்காக நாலு அங்குலம் நாலு அங்குலமாக இறுக்கினோம். கொத்தனார் அலுத்துக்கொண்டார், நான் விடவில்லை.

ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதித்துவிட்டுத்தான் உள்ளே வந்தோம். ஓரம் பிடிப்பில்லாவிட்டால் நடுக்கல் நகராமல் இருக்காது. பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம், வீட்டிலிருந்து தெருவுக்கு. ஒன்றேகால் அங்குலம் சலித்த எம் சாண்ட் பரப்பி மட்டக்கோலால் இழுத்தோம். அதை மிதிக்காமல், பதித்த கல்மேல் நின்றே முன்னேறினோம். நெல் ஏற்றி டிராக்டர் வருவதால் இந்தத் தடவை 80 மி.மீ. கனத்தில் எம்-40 என்ற வலிமைத் தரக் கல். பழைய 60 மி.மீ. கல்லைக் கொல்லைப் பாதைக்கு வைத்துக்கொண்டோம்.

கடைசியில் கொத்தனாரோடு ஒரு வாக்குவாதம். "சிமெண்ட் பால் ஊத்தலன்னா மணல் ஓடிடும் தம்பி" என்றார். சிமெண்ட் பால் வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியிருக்காது, ஒரு கல்லைப் பெயர்க்க நாலை உடைக்க வேண்டும். எல்லாம் என் பழைய வாசலில் பார்த்தவை. இரண்டு மூன்று மி.மீ. இடுக்கில் காய்ந்த நைஸ் மணலைப் பெருக்கி, காம்பாக்டர் ஓட்டி, மறுபடி மணல் பெருக்கினோம். மூன்று தடவை இப்படிச் செய்ததும் இடுக்கு நிறைந்தது.

மொத்தம் பதினாறு நாள். செலவில் பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கே போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த நவம்பர் கடைசியில், ஃபெங்கல் புயலை ஒட்டி டெல்டா முழுக்க மழை கொட்டி, பின்வயலில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது. குடை பிடித்துக்கொண்டு தெருவோரக் குழாயைப் போய்ப் பார்த்தேன். தெளிந்த நீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

தை அறுவடை முடிந்து டிராக்டர் நாலைந்து தடவை வந்துபோன பிறகு, துளசி மாடத்தருகே ஆறு கல் மட்டும் சற்று அமுங்கியது. கம்பியால் நெம்பி எடுத்து, அடியில் மணல் சேர்த்து, திரும்பப் பதித்தேன். அரை மணி நேர வேலை. ஆனியில் இடுக்கு மணலை ஒரு தடவை நிரப்பினேன், ஐப்பசிக்கு முன் இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் வாசலில் வந்து கோலம் போடுகிறார்.