சூடானா ஸ்டார்ட் ஆகாத வண்டி, எரிஞ்சு எரிஞ்சு அணையற மஞ்ச விளக்கு

சிங்கப்பூர்ல எங்க வண்டி 2009-ல பதிஞ்ச ஜப்பான் செடான். அப்பா ஆசையா வாங்குனது, அவர் இப்ப இல்ல, அதனால பத்து வருஷம் முடிஞ்சப்ப ஸ்கிராப்புக்கு விட மனசு வராம சிஓஇ-ய (வண்டி வச்சுக்கறதுக்கான பத்து வருஷ அனுமதி) புதுப்பிச்சு இன்னும் ஓட்டிட்டு இருக்கோம்.

பிரச்சனை ஆரம்பிச்சது தேக்கா சென்டர் கார்பார்க்ல. ஞாயித்துக்கிழமை, ஆட்டுக்கறி, மீனு எல்லாம் வாங்கி பின்னாடி வச்சாச்சு, அம்மாவும் ஏறி உக்காந்தாச்சு, சாவிய திருப்புனா கரகரகரன்னு நல்லாத்தான் சுத்துது ஆனா பிடிக்கவே மாட்டேங்குது. காலைல வீட்ல ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆன வண்டி! அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு, மஞ்ச கலர் இன்ஜின் விளக்கு மட்டும் எரிஞ்சிட்டே வந்துச்சு.

ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், பேட்டரிதான்னு சொல்லி மாத்திட்டாங்க. விளக்கும் அணைஞ்சிடுச்சு, நானும் நிம்மதியா வந்துட்டேன். ஆனா பேட்டரிய கழட்டுனா வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவான கோடு, அதாவது என்ன கோளாறுன்னு சொல்ற எண், பல வண்டில அழிஞ்சு போயிடும், விளக்கு அணைஞ்சது அதனாலதான், கோளாறு அப்படியே உள்ள இருந்துச்சு. தயவுசெஞ்சு எதையும் கழட்றதுக்கு முன்னாடி கோட படிக்க சொல்லி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஸ்டியரிங்குக்கு கீழ அந்த கோட படிக்கறதுக்கான ஓபிடி சாக்கெட் இருக்கும், சின்ன ரீடர் வாங்குனா நாமளே படிச்சிடலாம்.

ரெண்டு வாரம் கழிச்சு பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ஓடிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி லாரி வருது, உடம்பே நடுங்கிடுச்சு. எப்படியோ ஓரம் கட்டிட்டேன். எக்ஸ்பிரஸ்வேல நின்னு போன வண்டிய எடுக்கற அரசாங்கத்தோட இமாஸ் வண்டி வந்து காசு வாங்காம பக்கத்து கார்பார்க் வரைக்கும் இழுத்துட்டு போய் விட்டாங்க.

ஜொகூர்ல மெக்கானிக்கா இருக்கற என் மச்சினனுக்கு போன் போட்டேன். அவன் கேட்ட மொத கேள்வியே, "என்ன சத்தம் வருது அத்தான்?" டக்குனு ஒரு சத்தத்தோட நின்னுட்டாலோ இழுத்து இழுத்து சுத்துனாலோ பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர் பக்கம் பாக்கணும். இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட் காட்டுனா பேட்டரி ஃபுல், 12-க்கு கீழன்னா காலி. இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் வரணும், வரலன்னா பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்லதான் கோளாறு. வேகமா சுத்தியும் பிடிக்கலன்னா பெட்ரோல் வரல இல்ல ஸ்பார்க் வரல, அதுக்கு புது பேட்டரி வாங்கி பிரயோஜனமே இல்ல.

அப்புறம் சொன்னான், "சாவிய திருப்பும்போது இன்ஜின் சுத்தற வேகத்த காட்டற ஆர்பிஎம் முள்ள மட்டும் பாருங்க." பாத்தேன். இன்ஜின் சுத்துது, முள்ளு பூஜ்யத்துலயே படுத்திருக்கு. ரீடர்ல பி0335, கிராங்க் சென்சார். இன்ஜின் எந்த இடத்துல சுத்திட்டு இருக்குன்னு அதுதான் கம்ப்யூட்டருக்கு சொல்லுது, அது சொல்லலன்னா ஸ்பார்க்கே வராது. வயசான சென்சார் சூடானா உள்ள கனெக்‌ஷன் விட்டுடும், ஆறுனா திரும்ப ஒட்டிக்கும், அதான் காலைல நல்லா இருந்து தேக்கால காலை வாரிடுச்சு.

ஆனா கோட பாத்த உடனே சென்சார் வாங்கிடாதீங்கன்னு மச்சினன் கண்டிப்பா சொன்னான், வயரும் பிளக்கும் போனாலும் அதே கோடுதான் வரும். காக்கி புக்கிட்ல மெக்கானிக் அங்கிள் ஒருத்தர் பொறுமையா ஹீட் கன்ல சூடு பண்ணி சோதிச்சு பாத்தாரு. பிளக்க கழட்டுனப்ப ரப்பர் சீல் வத்தலா காஞ்சு கையோட உதிர்ந்துச்சு, உள்ள கருப்பா எண்ணெய். ஒரே ஒரு பத்து எம்எம் போல்ட்டுதான், சென்சாரையும் பிளக்கையும் சேத்து மாத்திட்டாரு.

விளக்கு விஷயத்துல ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. மஞ்ச இன்ஜின் விளக்கு நிலையா எரிஞ்சா மெதுவா ஓட்டி ஒர்க்‌ஷாப் போயிடலாம். விட்டு விட்டு மின்னுனா மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் போய் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே நாசம் பண்ணிடும், உடனே ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுங்க. சிவப்புல எண்ணெய் விளக்கு வந்தா வீடு பக்கத்துலதான்னு ஓட்டவே கூடாது, ஓரம் கட்டி ஆஃப் பண்ணிடுங்க.

போன ஞாயிறு அதே தேக்கா கார்பார்க். அம்மா கறி பைய மடில வச்சுக்கிட்டு என்னோட சேந்து அந்த முள்ளயே பாத்துட்டு இருந்தாங்க. மொத திருப்புலயே எழும்புச்சு. அந்த பிளக்குக்குள்ள எண்ணெய் எங்கேர்ந்து ஒழுகுதுன்னு இன்னும் பாக்கல, வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி அங்கிள்கிட்ட திரும்ப விடணும்.