ஸ்பானிஷ் மாடலும் ஊறவைத்த அரிசி நிறமும்

2006-ல் செம்பனார்கோவில் பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது, எஞ்சினீயர் ஓர் ஆல்பத்தைப் புரட்டி, "இதுதாங்க ஸ்பானிஷ் மாடல்" என்று ஒரு படத்தைக் காட்டினார். வாசலில் மூன்று வளைவு, சரிவான கான்கிரீட் மேல் பதித்த சிவப்பு ஓடு. என் கணவர் மயங்கிவிட்டார். கட்டி முடித்தபோது அந்தப் படத்தில் இல்லாதவையும் கூடவே வந்திருந்தன: தூண் தலையில் சிமெண்ட் பூ, மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு சிங்கம், பூவுக்கெல்லாம் தங்க பெயிண்ட். சுவர் பீச் நிறம், ஓரங்கள் சாக்லேட்.

போன வருடம் மறுபடியும் பெயிண்ட் அடிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. கடையில் கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டுப் படத்தை ஏற்றி, ஊதா, பச்சை, இரண்டும் கலந்த கோடு என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. அமெரிக்காவில் சான் டியேகோவில் இருக்கும் என் தம்பிக்குப் படங்களை அனுப்பினேன். கலிபோர்னியாவில் இந்த பாணிக்குப் பெரிய வரவேற்பு வந்ததே அந்த ஊரில் 1915-ல் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான். 1925 நிலநடுக்கத்தில் சான்டா பார்பரா இடிந்தபோது அந்த ஊரையும் இதே பாணியில் திரும்பக் கட்டினார்கள். தம்பி சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, இங்க சுவர் வெறுமையா இருக்கும். வேலைப்பாடெல்லாம் வாசலைச் சுத்தி மட்டும்தான். முதல்ல அந்தத் தங்கத்தை எடு."

அவன் அனுப்பிய படங்களை அம்மாவிடம் காட்டினேன். வெள்ளைச் சுவர், அரைவட்ட ஓடு, நடுவில் முற்றம். "இது உங்க தாத்தா வீடுடி" என்றார் அம்மா. நாட்டு ஓடும் சுண்ணாம்புச் சுவருமாக இருந்த அந்த வீட்டை இடித்துவிட்டுத்தான் ஸ்பானிஷ் மாடல் கட்டினோம். சரி, அதைப் பேசிப் பயனில்லை.

நிறம் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். 2014-ல் அடித்த பெயிண்ட் இரண்டே மழையில், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. அப்போது வந்தவர்கள் சுரண்டிவிட்டு மேலேயே பட்டி பார்த்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஐப்பசியில் அதே கொப்புளம். உப்புத் தண்ணீர் போர், மட்டமான பெயிண்ட் என்று யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த முறை வந்த கொத்தனார் சுவரைத் தொடவே இல்லை. மண்வெட்டியை வாங்கி, சுவர் ஓரமாக ஒரு முழம் தோண்டினார். "அம்மா, உங்க பேஸ்மட்டம் எங்க?" என்றார். கட்டும்போது ரோட்டிலிருந்து மூன்றடி உயரம். பிறகு ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க நாங்களும் இரண்டு முறை சவுடு அடித்து மனையை உயர்த்தினோம். மண் ஏறி ஏறி, ஓதம் மேலே வராமல் தடுக்கப் போட்ட டிபிசி மட்டத்தையே தாண்டிவிட்டது. போதாததற்கு அந்த மண்ணில் நான் வேறு செம்பருத்தி வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது; சுவர் அதைக் குடித்தது. தண்ணீரோடு ஏறிய உப்பு, ஈரம் காயும் இடத்தில் பூத்து பெயிண்டைத் தள்ளியது.

வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மண்ணை ஓரடி வெட்டி எடுத்தோம். சுவரிலிருந்து விலகிப் போகும்படி சரிவாக சிமெண்ட் தளம் போட்டு, வழியும் தண்ணீர் கொல்லையில் இருக்கும் வாழைக்குப் போகச் சின்ன வாய்க்கால் விட்டோம். கீழே மூன்றடி பூச்சை செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, சில நாள் காயவிட்டு, வாட்டர்புரூஃப் கலந்து புதிதாகப் பூசினார்கள். மொத்தச் செலவில் பாதி இங்கேயே போய்விட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது என்பதுதான் என் கணவரின் வருத்தம்.

புதுப் பூச்சு காய 28 நாளாவது விட வேண்டும் என்றார்கள். அது பிப்ரவரி. சம்பா அறுவடை மெஷின்கள் ஓடி, காற்று முழுக்கத் தூசியும் உமியுமாக இருந்தது. அந்த நேரத்தில் பெயிண்ட் அடித்திருந்தால் சுவர் சொரசொரவென்று ஆகியிருக்கும். அதனால் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த இடைவெளியில் ஓட்டைப் பார்த்தோம். முன்பு யாரோ சொன்னார்கள் என்று ஓட்டுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தோம். அது செதில் செதிலாக உரிந்திருந்தது. வடக்குப் பக்கம் முழுக்கப் பாசி. பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, தேய்த்துக் கழுவியதும் சுட்ட மண்ணின் சொந்த நிறம் வெளியே வந்தது. உடைந்தவற்றை மட்டும் மாற்றினோம். பெயிண்ட் இல்லை.

நிறம் தேர்ந்தெடுக்க அந்த ஓடுதான் உதவியது. மூன்று நிறத்தில் ஒவ்வொரு லிட்டர் வாங்கி, கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் மூன்றடிக்கு மூன்றடிக் கட்டம் அடித்து ஒரு வாரம் பார்த்தேன். பளீர் வெள்ளை, உச்சி வெயிலில் கண்ணைக் குத்தியது. ஆரஞ்சு கலந்த ஓட்டுக்குப் பக்கத்தில் நீலம் போட்ட வேட்டி மாதிரி வெளிறியும் தெரிந்தது. சந்தன நிறம் அட்டையில் அழகாக இருந்தது, சுவரில் கல்யாண மண்டபம். மூன்றாவதற்கு கடையில் என்ன பெயரோ, நான் வைத்த பெயர் ஊறவைத்த அரிசி. காலையில் லேசான மஞ்சள், மதியம் வெள்ளை, சாயங்காலம் ஓட்டின் சிவப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மேற்குச் சுவரில் பார்க்காமல் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஐந்து மணி வெயிலில் ஒவ்வொரு நிறமும் வேறு ஆளாக மாறுகிறது.

ஆனால் எங்கள் ஊர் மழையில் வெள்ளைச் சுவரின் அடிப்பகுதி சேறு தெறித்து ஒரே வாரத்தில் பழுப்பாகிவிடும். அதற்காகக் கீழே இரண்டடிக்கு ஓட்டின் நிறத்திலேயே ஒரு பட்டை அடித்தோம். நம் பக்கத்துக் காவிப் பட்டைதான். மெக்சிகோவின் பழைய வீடுகளிலும் இப்படி அடியில் பட்டை உண்டு என்று தம்பி சொன்னான். ஸ்பானிஷ் மாடல் கெடவில்லை என்று என் கணவருக்கு நிம்மதி.

தூண் பூக்களைக் கொத்தி எடுத்து வழவழப்பாகப் பூசினோம். தங்கம் போயிற்று. சிங்கங்களை எடுக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சுவர் நிறத்திலேயே அடித்துவிட்டதால் இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகின்றன. ஜன்னல் கம்பிகள் பளபளப்பில்லாத கறுப்பு. தேக்குக் கதவில் பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டு எண்ணெய் மட்டும். வாசற்படிகளின் முகப்பில் பதிக்க ஆத்தங்குடி டைல்ஸ் வாங்கினேன். சூளையில் சுடாமல் சிமெண்டில் கையால் செய்வது, மழையில் நனைந்தால் மங்கும் என்று கடைக்காரரே எச்சரித்தார். போர்டிகோவுக்குள் இருக்கும் மூன்று படிக்கு மட்டும் போட்டேன்.

ஏப்ரலில் அடித்தார்கள். சூடான சுவரில் பெயிண்ட் சட்டென்று காய்ந்து திட்டு விழும் என்பதால் காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று நிழலைத் துரத்திக்கொண்டே வேலை நடந்தது. பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. 20 லிட்டர் வாளி இரண்டு ஆனது.

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் போய்விட்டன. சுவரில் கொப்புளம் இல்லை. ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு விழுந்திருக்கிறது. அந்தக் குழாயை நீட்ட வேண்டும். போன வாரம் எதிர்வீட்டு மாமி கோலம் போட்டுக்கொண்டே கேட்டார்: "பிரைமர் அடிச்சு இவ்வளவு நாளாச்சே, கலர் எப்போ அடிக்கப் போறீங்க?"

பொங்கலுக்குள் அடித்துவிடுவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.