தாத்தாவோட சுவெட்டர்

அம்மாயி நேத்து தாத்தாவோட வெள்ளை சுவெட்டரைப் பிரிச்சிட்டாங்க.

பிரிச்ச நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டுதான் வரும். இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்சு, லேசா பாரம் கட்டித் தொங்கவிட்டாத்தான் நேராகும். அடுப்படிக் கம்பியில தொங்குச்சு, முனையில ஒரு கரண்டி.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம். ஜனவரி விடியல்ல புல்லு மேல உறைபனி. பிறக்கப்போற பிள்ளைக்குத் தொப்பி வேணுமாம். (கடையில வாங்கித் தாறேன்னேன், கேட்டாத்தானே!)

கிலோக் கணக்குல கைக்காசுக்குத் தேயிலை பறிச்சிட்டு வந்த விரல்ல கொழுந்துக் கறை கருப்பா இருக்கு. நூல்ல ஒரு பொட்டு அழுக்கில்ல.

மலையில இவங்க கிள்ளுறதை நிறுக்க தராசு இருக்கு, எழுத ஆள் இருக்கு. தொப்பிக்குப் பின்னுற இந்தக் கண்ணிகளுக்கு அவங்களே கணக்கப்பிள்ளை.

பேசப் போனேன். கையைக் காட்டி நிறுத்திட்டாங்க.

"64... இருடா, பொறு."