உறையின் மேல் இருந்த முகவரி

காட்சிப் பேழைக்குப் போன அந்த அஞ்சல் உறையின் முகவரியைக் காகிதப் பட்டையால் மறைக்கச் சொன்னது நான்தான். அது சரி என்றே இன்றும் வாதிடுவேன். ஆனால், "பக்கத்துப் பேழையில் சான் ரெமோ போராட்டப் படத்தை முகங்களோடு வைக்கிறோம், இவரை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?" என்று மூத்த ஆவணக் காப்பாளர் கேட்டது மனதை விட்டு அகலவில்லை.

சான் ரெமோவின் கதை வேறு என்றேன். 1972 ஏப்ரல் 5 அன்று, அந்த இத்தாலிய நகரில், தன்பாலீர்ப்பை நோயாகப் பார்த்த பாலியல் மருத்துவ மாநாட்டை எதிர்த்து, இத்தாலியின் தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கமான ஃபுவோரி அமைப்பினரோடு பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன் நாடுகளிலிருந்து வந்தவர்களும் பதாகை பிடித்தார்கள். ஊரறிய நிற்கவே அவர்கள் வந்திருந்தார்கள். உறைக்குரியவரோ சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினில் வாழ்ந்தவர். 1970-ஆம் ஆண்டின் சமூக அபாயச் சட்டப்படி, தன்பாலீர்ப்பின் பேரிலேயே அவரைக் காவலில் அடைக்கலாம், சொந்த ஊரில் குடியிருக்கவும் தடை விதிக்கலாம். பார்சலோனாவில் இரகசியமாகத் தயாரான 'அகோயிஸ்' என்ற தன்பாலீர்ப்பாளர் செய்திமடல் எல்லை கடந்து பாரிஸ் போய், அங்கே ஆர்க்காடி என்ற பிரெஞ்சுத் தன்பாலீர்ப்பாளர் சங்கத்தாரின் உதவியால் அஞ்சலில் சேர்க்கப்பட்டு, இந்த உறையில் மீண்டும் ஸ்பெயினுக்கே வந்தது. (கண்ணியம், அடக்கம் என்று ஓயாமல் போதித்த ஆர்க்காடிக்குத் தெருவில் இறங்கிய இளைஞர்களைக் கண்டாலே ஆகாது, ஆனாலும் இந்த வேலையைச் செய்தது அதுதான். சான் ரெமோ படத்தைவிட இந்த உறை எனக்குப் பெரிதாகத் தோன்றுவதற்கு அதுவும் காரணம்.)

மடலை நடத்திய அர்மாந்த் தெ ஃப்ளுவியாவே அப்போது புனைபெயரில்தான் எழுதினார் என்பதையும் எடுத்துச் சொன்னேன். "பிறகு சொந்தப் பெயரில் வெளியே வந்தாரே" என்றார் காப்பாளர். அவர் வந்தார், சரி. முகவரிக்காரர் வந்தாரா என்பதற்கு எங்கள் கோப்பில் ஒரு வரியும் இல்லை. இல்லாத சம்மதத்தை நாமாக எழுதிக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

இருந்தும், உறையைக் கையில் எடுக்கும்போது என் வாதம் சற்றுத் தளர்கிறது. அஞ்சல் தலை இருந்த மூலையை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். முகவரி மட்டும் நீல மையில் முழுதாக இருக்கிறது. அஞ்சியவர் மடலை வைத்துக்கொண்டு உறையை எரித்திருப்பார். இவர் இரண்டையும் பத்திரப்படுத்தியிருக்கிறார். அதைத் துணிவு என்பதா, வெறும் கவனக்குறைவு என்பதா? துணிவென்றால், அவர் தாமாக விட்டுச்சென்ற ஒரே சாட்சியத்தின் மேல் பட்டை ஒட்டியவன் நான். கவனக்குறைவென்றால் என் முடிவில் குறையில்லை. அடுத்த கண்காட்சிக்கும் அந்த உறையைக் கேட்டிருக்கிறார்கள். பட்டையோடுதான் தர முடியும் என்று எழுதி அனுப்பிவிட்டேன், காப்பாளரிடம் இம்முறை கேட்கவில்லை.