ஐபேடிலிருந்து ஆபீஸ் பிரிண்டருக்கு: வழியை மறித்தது ரவுட்டர்

நான் வேலை பார்ப்பது பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில். சீனியர் கேஸ் கட்டுகளை எல்லாம் இப்போது ஐபேடில்தான் படிக்கிறார், ஜூனியர்கள் சிலரிடம் ஆண்ட்ராய்டு டேப் இருக்கிறது, முன் ஹாலில் ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய லேசர் பிரிண்டர் நெட்வொர்க் கேபிளோடு நிற்கிறது. ஆனால் ஐபேடில் இருக்கிற ஒரு பக்கம் தாளில் வர வேண்டுமென்றால் அதை வாட்ஸ்அப்பில் குமாஸ்தா அண்ணனுக்கு அனுப்ப வேண்டும், அவர் தன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து டவுன்லோடு செய்து பிரிண்ட் கொடுப்பார். "தம்பி, வாட்ஸ்அப்புல போட்டு விடுங்க" என்பதுதான் ஆபீஸின் பிரிண்ட் முறையாகவே இருந்தது.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. கட்சிக்காரரின் ஆதார் நகல், கிரயப் பத்திரம், விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்யும் மெடிக்கல் ரிப்போர்ட் என்று எல்லாம், யார் வேண்டுமானாலும் உட்காரக்கூடிய ஒரு கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மாதக்கணக்கில் கிடக்கும். நம்மை நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை. அதனால்தான் இதை ஒரு வழி பண்ணாமல் விடக்கூடாது என்று இறங்கினேன்.

ஐபேடில் பிரிண்ட் கொடுத்தால், பிரிண்டர் தேடும் இடத்தில் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும், அப்புறம் ஏர்பிரிண்ட் பிரிண்டர் எதுவும் இல்லை என்று வரும். ஐபேட், ஐபோனிலிருந்து வயர் இல்லாமல் பிரிண்ட் கொடுக்கும் ஆப்பிளின் வசதிதான் ஏர்பிரிண்ட். சர்வீஸுக்கு வந்தவரிடம் கேட்டதற்கு, "இதுல வைஃபை பிரிண்ட் வராது சார், புது மாடல் எடுத்துடுங்க" என்றார். பிரிண்டரின் விவரத் தாளில் ஏர்பிரிண்ட் உண்டு என்று அச்சிட்டே இருந்தது. ஏர்பிரிண்ட் ஒன்றும் நேற்று வந்த வசதி இல்லை, 2010 நவம்பரில் ஐஓஎஸ் 4.2-ல் வந்தது, அதன் பிறகு வந்த நெட்வொர்க் பிரிண்டர்களில் ஏராளமானவற்றில் இருக்கிறது. பிரிண்டர் கேபிளில் இருந்தாலும் பரவாயில்லை, டேப் மட்டும் வைஃபையில் இருந்தால் போதும். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சரி, ஒரே நெட்வொர்க்தானே என்றுதான் ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். குமாஸ்தா அண்ணனின் கம்ப்யூட்டரும் ஐபேடும் ஒரே வைஃபை பெயரில்தான் இருக்கின்றன, கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் ஜோராக வருகிறது, ஐபேடிலிருந்து மட்டும் வரவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஐபேடில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்னும் சிலர் ஏதாவது ஒரு இலவச பிரிண்ட் ஆப்பைத் தேடி இறக்கிவிடுவார்கள். அதில் சில, ஃபைலைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்யும். வக்கீல் ஆபீஸில் அதை நினைத்தே பார்க்கக்கூடாது.

நான் முதலில் ஐபேட், பிரிண்டர் இரண்டின் ஐபி எண்ணையும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் முகவரி) பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஐபேடில் செட்டிங்ஸ், வைஃபை, நெட்வொர்க் பெயருக்கு அருகில் இருக்கும் சின்ன ‘ஐ’ குறியைத் தொட்டால் எண் தெரியும். பிரிண்டரில் நெட்வொர்க் விவரத்தை ஒரு பக்கமாக அச்சிட்டு எடுக்க மெனுவில் வழி இருக்கும். ஐபேடின் எண் 192.168.0.105. பிரிண்டரின் எண் 192.168.1.40. மூன்றாவது இடத்தைப் பாருங்கள், ஒன்றில் 0, மற்றதில் 1. வீட்டிலும் சின்ன ஆபீஸிலும் அந்த எண்ணில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் பெரும்பாலும் 255.255.255.0 என்றுதான் இருக்கும், அப்படியானால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே நெட்வொர்க். எங்களுடையது இரண்டு தனித்தனி நெட்வொர்க்.

காரணம் இதுதான். இன்டர்நெட் கம்பெனி வைத்த ஃபைபர் பெட்டி முன் ஹாலில் இருக்கிறது, பிரிண்டர் கேபிள் அதில் செருகியிருக்கிறது. சீனியர் அறை வரை சிக்னல் எட்டவில்லை என்று யாரோ உள்ளே இன்னொரு ரவுட்டரை வைத்து, ஃபைபர் பெட்டியிலிருந்து வந்த கேபிளை அதன் வேன் (WAN) போர்ட்டில், அதாவது இன்டர்நெட் உள்ளே வரும் துளையில், செருகிவிட்டார்கள். அப்படிச் செருகினால் இரண்டாவது ரவுட்டர் தனக்குக் கீழே தனி நெட்வொர்க் அமைத்து, தானே ஐபி எண்களைக் கொடுக்க ஆரம்பித்துவிடும். உள்ளேயிருந்து வெளியே குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குப் போகிற எதுவும் தடையில்லாமல் போகும். குமாஸ்தா அண்ணனின் கம்ப்யூட்டரில் பிரிண்டரின் ஐபி எண்ணைக் கையால் கொடுத்து வைத்திருந்ததால், அது நேராக அந்த எண்ணுக்கு அனுப்பிவிடும். ஐபேட் அப்படிச் செய்யாது. அது 224.0.0.251 என்ற பொது முகவரியில், யுடிபி 5353 போர்ட்டில், "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா" என்று கூப்பிட்டுப் பார்க்கும். தெருமுனையில் நின்று கூப்பிடுவது போல, அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும், ரவுட்டர் அந்தக் கூப்பாட்டை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. ஐபேடின் பிரிண்ட் பட்டியலில் ஐபி எண்ணைக் கையால் போடவும் இடமில்லை.

பிரிண்டர் கேபிளை உள் ரவுட்டருக்கு மாற்றிச் செருகலாம், ஆனால் கேபிள் எட்டாது, கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் எண்ணையும் மாற்ற வேண்டும். அதைவிட உள் ரவுட்டரை, தனி நெட்வொர்க் அமைக்காமல் முதல் நெட்வொர்க்கையே வைஃபையில் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுவதுதான் நல்லது. அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆபரேஷன் மோடு என்று இருந்தது, மாற்றி சேமித்ததும் தானே அணைந்து எழுந்தது. அந்த மோடு இல்லாத பழைய ரவுட்டர் என்றால் ஐபி எண்களைக் கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை நிறுத்திவிட்டு, அதன் சொந்த எண்ணை 192.168.1.2 போல முதல் நெட்வொர்க்கில் வேறு யாருக்கும் இல்லாத ஒன்றாக மாற்றி, கேபிளை வேன் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் (LAN) போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டர்களைச் செருகும் துளையில், செருக வேண்டும். ஐபேடில் வைஃபையை அணைத்துப் போட்டதும் 192.168.1-ல் தொடங்கும் எண் வந்தது. பிரிண்ட் கொடுத்தேன், பட்டியலில் பிரிண்டர் பெயர் வந்தது. அந்த சந்தோஷத்தில் முதலில் அடித்தது மறுநாள் வாய்தா பட்டியல்.

கையோடு ஃபைபர் பெட்டியில் பிரிண்டருக்கு 192.168.1.40-ஐயே நிரந்தரமாக ஒதுக்கி வைத்தேன், இல்லாவிட்டால் என்றாவது கரண்ட் போய் வரும்போது எண் மாறி, கம்ப்யூட்டர்களில் பிரிண்ட் நின்றுவிடும்.

அதன் பிறகும் ஒரு தொல்லை இருந்தது. காலையில் தெரிகிற பிரிண்டர் மத்தியானம் காணாமல் போகும், பிரிண்டரை அணைத்துப் போட்டால் மறுபடி தெரியும். ரவுட்டரில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற ஒரு வசதி, பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் போகிற தேவையில்லாத மல்டிகாஸ்ட் போக்குவரத்தைக் குறைப்பதற்காக இருப்பது. எங்கள் ரவுட்டரில் அது இந்தக் கூப்பாட்டையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்த பிறகு பிரிண்டர் மறைவதில்லை.

ஒரு ஜூனியருக்கு மட்டும் வரவில்லை. அவர் கெஸ்ட் வைஃபையில் இருந்தார். கெஸ்ட் வைஃபையில் இருப்பவர்கள் இன்டர்நெட்டுக்கு மட்டும் போகலாம், ஆபீஸில் இருக்கும் மற்ற கருவிகளைத் தொட முடியாது. கட்சிக்காரர்கள் வந்து காத்திருக்கிற இடத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும், அதை நான் மாற்றவில்லை, அவரை ஆபீஸ் வைஃபைக்கு மாற்றினேன்.

ஆண்ட்ராய்டு டேப்களில் வேலை சுலபம். ஆண்ட்ராய்டு 8 முதலே டீஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ் உள்ளேயே இருக்கிறது, அதில் பிரிண்டரின் ஐபி எண்ணைக் கையால் சேர்க்கலாம். கூகுள் கிளவுட் பிரிண்ட் வழியாகச் செய்யச் சொல்லும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அந்தச் சேவை 2020 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டுவிட்டது, அந்தப் பக்கம் போக வேண்டாம். ரவுட்டரைத் தொட உங்களுக்கு அனுமதியே இல்லையென்றால் ரவுட்டர் இல்லாமல் பிரிண்டரோடு நேராக இணைய உதவும் வைஃபை டைரக்டைப் பயன்படுத்தலாம், வைஃபை பட்டியலில் டைரக்ட் என்று தொடங்கும் பெயரில் தெரியும். அதில் இருக்கும்வரை அந்த வைஃபை வழியாக இன்டர்நெட் வராது, அவசரத்துக்கு மட்டும் சரி.

கடைசியாகத் தமிழ் ஃபான்ட். எங்கள் ஆபீஸின் பழைய மனுக்கள் வானவில், பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்களில் டைப் செய்த வேர்டு ஃபைல்கள். அந்த ஃபான்ட் ஐபேடில் இல்லாததால் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும், பிரிண்டிலும் அப்படியேதான் வரும். பிரிண்டர் செட்டிங்ஸில் இதற்கு மருந்து கிடையாது. ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்தால் ஃபான்ட்டும் ஃபைலுக்குள்ளேயே போய்விடும், எந்த டேபிலிருந்தும் எழுத்து மாறாமல் வரும். அடிக்கடி தேவைப்படும் மனுக்களை அப்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன், புதிதாக டைப் செய்பவை எல்லாம், தனி ஃபான்ட் இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடில்தான்.