இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம்

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் பயம் காட்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், நீச்சல் பயிற்சிக்காகத் தில்லியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து நைனிதால் மாவட்டத்து ஏரி ஒன்றை அடைந்த காலையில், பயிற்சியாளர் பேசி முடிக்கும் முன்பே ஊர்ப் பழக்கத்தில் கரையிலிருந்து குதித்துவிட்டேன். அடுத்த கணம் என் மூச்சு என் வசத்தில் இல்லை. வாய் தானாகப் பிளந்து காற்றை இழுத்தது. இழுத்ததை விடுவதற்குள் அடுத்த மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. வெப்பமானி காட்டியது 14 டிகிரி. இருபது முறைகூடக் கை வீச முடியாமல் துணைப்படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். படகிலிருந்தவர் பரிவோடுதான் இந்தியில் கேட்டார்: "உங்கள் ஊர்ப் பக்கம் ஆறு, குளம் எதுவும் கிடையாதா?" குளிர் அரை மணியில் விட்டுவிட்டது. அந்தக் கேள்வி இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறது.

ஆறு இல்லாத ஊரா எங்களுடையது? திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயிலே நீருக்குள் போய்விடும். அங்கே கல்மண்டபத்தின் மேலிருந்து குதித்துத்தான் நீச்சல் படித்தோம். தயங்கி நிற்பவனுக்கு எங்களிடம் ஒரே வைத்தியம்தான்: கண்ணை மூடிக்கொண்டு ஒரு முங்கு. மார்கழி விடியலிலும், குற்றாலத்துச் சாரலிலும் அந்த ஒரு முங்கோடு நடுக்கம் தீர்ந்துவிடும்.

தில்லிக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று உறுதியாகச் சொல்வேன். ஆர். கே. புரம் மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் கார்த்திகைக்குக் கூட்டத்தோடு ஏறுகிறேன். காய்கறிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசி, கொசுறாகக் கொத்தமல்லியும் வாங்கிவிடுகிறேன். ஆனால், பச்சைத் தண்ணீர் என்ற சொல்லுக்கு இங்கே வேறு பொருள் என்பதை ஏற்க நெடுநாள் ஆனது. ஊரில் பச்சைத் தண்ணீர் என்றால் சூடாக்காத நீர், அவ்வளவுதான். இங்கே ஜனவரியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரில் கையை வைத்தால் விரல் எலும்பு வரை வலிக்கும். அதே குழாயில் ஜூன் மாத நண்பகலில் வரும் நீரோ தோலைச் சுடும். அம்மா அன்றாடம் கேட்கும் "வெந்நீ போட்டியாய்யா?" என்ற கேள்விக்கு ஆண்டில் பாதி நாள் ஆமென்றும், மீதி நாள் தேவையில்லை என்றும் பதில் சொல்கிறேன்.

டிரையத்லான் ஆசை நாற்பதை நெருங்கும்போது வந்தது. நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் முடிக்க வேண்டும். புதியவர்கள் சேரும் ஸ்பிரின்ட் பிரிவில் 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். 750 மீட்டரை நீச்சல் குளத்தில் எளிதாகக் கடந்தேன். ஏரியில் என்னை மடக்கியது தூரம் அன்று, முதல் நிமிடம்.

அந்த நிமிடத்துக்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். குளிர்ந்த நீர் தோலைத் தொட்டவுடன் உடல் நம்மைக் கேளாமலே காற்றை உள்ளிழுக்கும். மூச்சு பல மடங்கு வேகமாகும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றாக இருக்காது. அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் இந்தத் தவிப்பு, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை மல்லாந்து மிதப்பதோ, நின்று கொண்டிருப்பதோதான் வேலை. நீச்சல் தெரிந்தவர்களும் முதல் நிமிடத்திலேயே மூழ்குவது இதனால்தான். எங்கள் ஒற்றை முங்கு இருபத்தைந்து டிகிரி ஆற்றுக்கு உரியது என்பதையும், இந்த ஏரியில் அதே முங்கு உயிருக்கு ஆபத்து என்பதையும் ஏற்பதற்கு மனம் மிகவும் வலித்தது. 1994ஆம் ஆண்டில் சிறுவனாகவே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த குற்றாலீஸ்வரனை அன்று தூரத்துக்காகத்தான் வியந்தோம். அந்தக் கால்வாயின் நீர் கோடையிலேயே 15 முதல் 18 டிகிரி என்று இப்போது தெரிந்தபின், தூரத்தைவிட அந்தக் குளிரைத்தான் நினைக்கிறேன்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த அதிர்ச்சி பழகக் கூடியது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் குழுவினர் ஆராய்ந்து காட்டியபடி, சில நிமிடம் மட்டுமே நீடிக்கும் ஐந்தாறு முழுக்குகள் போதும். தவிப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும், பழக்கமும் மாதக்கணக்கில் நிற்கும். எனவே, டிசம்பர் முதல் தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்து, முதலில் கால், பிறகு கை, பிடரி, கடைசியில் மார்பு என்று இரண்டு நிமிடம் ஊற்றிக்கொள்ளத் தொடங்கினேன். முதல் வாரம் மூச்சு எகிறியது. பொங்கலுக்குள் மூச்சை எண்ணிக்கொண்டே ஊற்ற முடிந்தது. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. ஏரியில் தனியாக இறங்குவது யாருக்குமே ஆகாது.

இந்த மார்ச்சில் அதே ஏரிக்குப் போனேன். குளிர்நீரில் நீந்த அணியும் இறுக்கமான ரப்பர் உடையான வெட்சூட்டின் கழுத்து இறுகும்போதே பாதிப் பதற்றம் வந்துவிடும் என்பதால், முதலில் கழுத்துப் பட்டையை விலக்கிக் கொஞ்சம் நீரை உள்ளே விடச் சொன்னார் பயிற்சியாளர். பிறகு முழங்கால், இடுப்பு என்று இறங்கி, நீரை அள்ளி முகத்திலும் பிடரியிலும் தெளித்துக்கொள்ளச் சொன்னார். தெளித்த கை அப்படியே நின்றுவிட்டது. ஆச்சி செய்தது இதைத்தானே? ஆற்றில் கால் வைக்கும் முன் ஒரு கை நீரை அள்ளி உச்சந்தலையில் தெளித்து, முகத்தில் பூசி, படிப்படியாக இறங்கி, இடுப்பளவில் நின்று கொஞ்ச நேரம் எதையோ முணுமுணுப்பாள். நாங்கள் மண்டபத்திலிருந்து குதித்து அவள்மீது நீரை வாரியடிப்போம். இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி மூக்கு வழியே நீளமாகக் குமிழி விட்டேன். பத்தாவது குமிழியில் தோள் இளகியது. ஆரஞ்சு நிற மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நானூறு மீட்டரை நிதானமாக நீந்தினேன்.

கரையேறிய பிறகுதான் நடுக்கம் வந்தது. நீரிலிருந்து வெளியேறிய பின்னும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், உடனே வெந்நீரில் குளிக்காமல், ஈர உடையைக் களைந்து, துவட்டி, கம்பளிச் சட்டையும் குல்லாவும் மாட்டிக்கொண்டேன். உடன் வந்த நாகர்கோவில் அண்ணாச்சி பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றித் தந்தார். தம்ளரைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. படத்தை அனுப்பிய மறுநொடி அம்மா அழைத்தாள்: "ஏய்யா, ஈரத் தலையோடவா நிக்க?"

ஆடியில் ஊருக்குப் போனபோது குறுக்குத்துறையில் இறங்கினேன். நீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, குதித்திருக்கலாம். ஆனாலும் ஒரு கை அள்ளி உச்சந்தலையில் தெளித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மண்டபத்தின் மேல் நின்ற பையன் ஒருவன் குனிந்து, "அண்ணாச்சி, நீச்சல் தெரியாதோ? நான் வரட்டா?" என்று கேட்டான்.